நோய் இல்லாதவருக்கு வரும் நோய்: எய்ட்ஸ் பயம் பற்றிச் சில குறிப்புகள்

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டது நம்ம சென்னையில்தான், 1986இல். சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் மேற்படிப்பில் இருந்த செல்லப்பன் நிர்மலா, தன் பேராசிரியர் சுனிதி சாலமன் வழிகாட்டுதலில் பாலியல் தொழிலாளர்களிடம் ரத்த மாதிரிகள் சேகரித்தார். அவற்றைச் சோதிக்கும் வசதி அப்போ சென்னையில் கிடையாது. மாதிரிகள் வேலூர் சி.எம்.சி.க்குப் போயின. அங்கேதான் ஆறு மாதிரிகளில் கிருமி இருப்பது தெரிந்தது.

இது ஓரளவு தெரிந்த கதை. அதிகம் பேசப்படாத இன்னொரு பாதி இருக்கிறது. அடுத்த வருஷமே, 1987இல், அதே சி.எம்.சி. மருத்துவர்கள் பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் சைக்கியாட்ரியில் சின்னதாக ஒரு கட்டுரை எழுதினார்கள். தலைப்பு 'எய்ட்ஸ் ஃபோபியா'. எழுதியவர்களில் மனநல மருத்துவர் கே.எஸ். ஜேக்கபும் உண்டு, வைரஸ் நிபுணர் டி. ஜேக்கப் ஜானும் உண்டு. கிருமி வந்துவிட்டது என்ற செய்தி ஊரெல்லாம் பரவி முடிப்பதற்குள், கிருமியே இல்லாதவர்களிடம் அதன் பயம் ஒரு தனி நோயாகத் தலைகாட்டிவிட்டது.

பழைய பயம், புதுப் பெயர்

பால்வினை நோய் பற்றிய பயம் எய்ட்ஸோடு பிறந்ததல்ல. ஐரோப்பிய மருத்துவர்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே 'சிபிலிஸ் பயம்' என்று தனியாகப் பெயர் வைத்திருந்தார்கள். நம்ம ஊரில் சிபிலிஸுக்குப் பரங்கிப்புண் என்று பெயர். பரங்கியர் கொண்டுவந்தது என்ற பொருளிலேயே வடமொழியிலும் 'பிரங்க ரோகம்' என்றார்கள். 16ஆம் நூற்றாண்டு நூலான பாவப்பிரகாசத்தில் அது வருகிறது. அந்நியன் கொண்டுவந்தது, தப்பு செய்தவனுக்கு வருவது: பெயரிலேயே குற்றச்சாட்டு இருக்கிறது. நோயும் அவமானமும் இப்படி ஒட்டிக்கொண்டதால், பயப்படுகிறவர் பாதி நேரம் கிருமிக்குப் பயப்படுவதில்லை. ஊர் வாய்க்குத்தான் பயப்படுகிறார். அவருக்கு வேண்டியது மருத்துவத் தீர்ப்பு மட்டுமல்ல, பாவமன்னிப்பும். அதை எந்த லேப் ரிப்போர்ட்டும் தராது.

எக்ஸிட் கண்டிஷன் இல்லாத லூப்

ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஒரு தடவை உறவு, ஆணுறை இல்லை. மூணு மாசம் கழித்து டெஸ்ட் எடுக்கிறார், நெகட்டிவ். ரெண்டு நாள் நிம்மதி. மூணாம் நாள், 'ரத்தம் மாறியிருந்தா?' என்று ஒரு எண்ணம். மறுபடி டெஸ்ட், வேற லேபில். மறுபடி ரெண்டு நாள் நிம்மதி. ப்ரோக்ராம் எழுதுகிறவர்களுக்குப் பார்த்தவுடனே புரியும், இது வெளியே வர வழி வைக்காமல் எழுதிய லூப். ஒவ்வொரு டெஸ்டும் பதற்றத்தைக் கொஞ்ச நேரம் குறைக்கிறது. அந்தக் குறைவையே மூளை பரிசாக எடுத்துக்கொண்டு, அடுத்த பதற்றத்துக்கும் அதே மருந்தைக் கேட்கிறது. அதனால்தான் 'உனக்கு ஒண்ணும் இல்லப்பா' என்று நூறு தடவை சொன்னாலும் ஏறுவதில்லை. உண்மையில் அந்த ஆறுதலும் லூப்பின் ஒரு வரிதான்.

இதில் கொடுமை என்னவென்றால், உடம்பும் பொய்ச் சாட்சி சொல்லும். ஆய்வக வசதி இல்லாத இடங்களுக்காக 1985இல் உலக சுகாதார நிறுவனம் வகுத்த எய்ட்ஸ் அடையாளங்களில் முக்கியமானவை மூன்று: 10 சதவீத எடை இழப்பு, ஒரு மாதத்துக்கு மேல் வயிற்றுப்போக்கு, ஒரு மாதத்துக்கு மேல் காய்ச்சல். போஸ்டர்களிலும் பாடப்புத்தகங்களிலும் நாம் படித்ததும் ஏறக்குறைய இதுதான். இப்போ பயந்துபோன ஒருவரைப் பாருங்கள். சாப்பாடு இறங்காது, எடை குறையும். பதற்றத்தில் வயிறு கலங்கும். ராத்திரி வியர்க்கும், அடிக்கடி சிறுநீர் வரும். பட்டியலில் முக்கால்வாசியைப் பயமே தயாரித்துக் கொடுத்துவிடுகிறது. காய்ச்சல்? தெர்மாமீட்டரை ஒரு நாளைக்கு எட்டு தடவை வைத்தால், என்றைக்காவது 99 காட்டாமலா இருக்கும்?

2000களின் தொடக்கத்தில் புள்ளி ராஜா விளம்பரம் தமிழ்நாட்டுச் சுவரெல்லாம் இருந்தது ஞாபகம் இருக்கலாம். எய்ட்ஸைத் தெருவில் பேசவைத்ததில் அதற்குப் பங்குண்டு. ஆனா அது ஒரு கேள்வியைத்தான் எல்லார் மனசிலும் போட்டது. எந்த நாளில் டெஸ்ட் எடுத்தால் அந்தக் கேள்விக்கு முற்றுப்புள்ளி என்பது அதே அளவுக்குப் போய்ச் சேரவில்லை.

முற்றுப்புள்ளி எங்கே?

இருக்கிறது. ஆண்டிஜன், ஆண்டிபாடி இரண்டையும் பார்க்கும் நான்காம் தலைமுறை சோதனையை நரம்பிலிருந்து எடுத்த ரத்தத்தில் செய்தால், 45 நாளுக்குள் தொற்றைக் காட்டிவிடும். ஆண்டிபாடி மட்டும் பார்க்கும் சோதனைக்கு 90 நாள். அதற்குப் பிறகு, இடையில் புதிதாக எந்தத் தொடர்பும் இல்லாமல், நெகட்டிவ் என்றால் நெகட்டிவ்தான்.

அதுக்கு மேலயும் டெஸ்ட் எடுத்தா என்ன நஷ்டம்? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தொற்று இல்லாத 1000 பேரில் 995 பேருக்குச் சரியாக 'இல்லை' என்று சொல்லும் ஒரு கிட் என்று வைப்போம். தொற்றே இல்லாத ஒருவர் அதில் 20 தடவை சோதித்தால், ஒவ்வொரு தடவையும் தனித்தனி என்று கொண்டால், ஒரு தடவையாவது தப்பாக 'இருக்கு' என்று வர வாய்ப்பு சுமார் 9.5 சதவீதம். அதாவது, நிம்மதி தேடிப் போகிறவர் தன் கெட்ட கனவைத் தானே காசு கொடுத்து வாங்குகிறார். இதனால்தான் நம் நாட்டு விதிமுறையில், அறிகுறி இல்லாத ஒருவருக்கு மூன்று வெவ்வேறு கிட்டில் வந்தால்தான் பாசிட்டிவ் என்று அறிவிக்கிறார்கள். சிபிலிஸுக்கான வி.டி.ஆர்.எல். சோதனையும் மலேரியா, தொழுநோய், கர்ப்பம் போன்றவற்றில் தப்பாகப் பாசிட்டிவ் காட்டக்கூடியது. உறுதிப்படுத்த வேறு சோதனை உண்டு.

என்ன செய்யலாம்

எல்லா பயமும் வீண் என்று சொல்லவில்லை. ஆபத்தான தொடர்பு நடந்து 72 மணி நேரம் ஆகவில்லை என்றால் உடனே மருத்துவரிடம் போகணும். தடுப்பு மாத்திரை உண்டு. அந்த நேரம் தாண்டியிருந்தால், சரியான நாளில் ஒரு தடவை டெஸ்ட். பசுவந்தனை மாதிரி ஊர்க்காரர்களுக்குக் கோவில்பட்டிக்குப் போகவே கூச்சம், 'யாராச்சும் பாத்துட்டா?' என்று மதுரைக்கு பஸ் ஏறத் தோணும். ஆனா அரசு மருத்துவமனை நம்பிக்கை மையங்களில் டெஸ்ட் இலவசம், ஆலோசனையோடு சேர்த்து. 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டப்படி சம்மதம் இல்லாமல் சோதிக்கவோ, முடிவை வெளியே சொல்லவோ பொதுவாகக் கூடாது. லாட்ஜில் ரூம் போட்டு 'ரகசிய நோய்' பார்க்கிறவர்களிடம் கொட்டும் காசு மிச்சம்.

ரிசல்ட் சரியாக வந்த பிறகும் பயம் போகவில்லையா? அப்போ பார்க்கவேண்டியது ரத்தத்தை அல்ல, பயத்தை. மனநல மருத்துவர்கள் இதற்கு அறிவாற்றல் நடத்தை சிகிச்சை தருகிறார்கள். தேவைப்பட்டால் மாத்திரையும் உண்டு. சிகிச்சையின் முக்கியமான வேலை ரொம்ப எளிமையானது, செய்யத்தான் கஷ்டம்: சந்தேகம் வரும், வரட்டும், டெஸ்ட் எடுக்காமல் இரு. பதற்றம் ஏறி, தானாகவே இறங்குவதை மூளை சில தடவை பார்த்துவிட்டால் லூப் உடையும்.

கல்யாணத்தைத் தள்ளிப்போடுகிறவர், மனைவியைத் தொடப் பயப்படுகிறவர், செத்துவிடலாமா என்று யோசிப்பவர்: இவர்களுக்கு நோய் இல்லை, ஆனா வேதனை நிஜம். 'வேற வேலை இல்லையா உனக்கு' என்று சிரித்துவிடாதீர்கள். எச்.ஐ.வி. சந்தேகங்களுக்கு 1097, மன உதவிக்கு 14416. ரெண்டுமே இலவச எண்கள்.