காற்று நம்முடையது! வண்டி யாருடையது?

காற்றுக்கும் கணக்கெழுதும் காலம் இது! நம் பாட்டன்மாரிடம் சொல்லியிருந்தால் வாய்விட்டுச் சிரித்திருப்பார்கள். வைகாசி பிறந்ததும் பாலக்காட்டுக் கணவாய் வழியே பாய்ந்து வரும் காற்று, அவர்களுக்குப் பகையாகவே இருந்தது. கூரையைப் பிரித்தது; புழுதியை வாரி இறைத்தது; ஆடியில் அம்மியும் பறக்கும் என்று பழமொழி பேச வைத்தது. இன்று அதே காற்று, பூலவாடியிலும் கேத்தனூரிலும் குடிமங்கலத்திலும் வானளாவ நிற்கும் காற்றாலைகளின் இறக்கைகளைச் சுழற்றுகிறது. சுழற்சி மின்சாரமாகிறது. மின்சாரம் பணமாகிறது. பணம் எங்கே போகிறது என்று கேட்டால் மட்டும் சிலருக்கு முகம் சுளிக்கிறது!

சுளிக்கட்டும், நாம் கேட்கத்தான் போகிறோம். கேட்பது பொறாமையால் அல்ல, பொறுப்பால்.

1986ஆம் ஆண்டு தூத்துக்குடிக்கு அருகே முள்ளக்காட்டில் சிறு முயற்சியாகத் தொடங்கியது காற்று மின்சாரம். இன்று தமிழ்நாட்டில் நிற்கும் காற்றாலைகளின் மொத்தத் திறன் 11,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. அவற்றுள் கணிசமானவை கோவை, திருப்பூர் வட்டாரத்து ஆலை அதிபர்களுக்கும் பனியன் ஏற்றுமதியாளர்களுக்கும் சொந்தம். உடுமலைக் காட்டில் எடுத்த மின்சாரத்தை மின்வாரியக் கம்பி வழியே தங்கள் கம்பெனிக்குக் கொண்டுவருகிறார்கள். காற்றடி காலத்தில் மிஞ்சியதைப் பாங்கியில் பணம் போடுவதுபோல வாரியத்தின் கணக்கில் வரவு வைத்து, காற்று ஓய்ந்த மாதங்களில் எடுத்துக்கொள்ளும் வசதியும் பழைய காற்றாலைகளுக்கு உண்டு. நல்லது. அந்தத் திறமையை நாம் குறை சொல்லவில்லை. தொழில் செழித்தால்தான் தொழிலாளி வீட்டு அடுப்பு எரியும் என்பதை அறியாதவர்கள் அல்ல நாம்.

ஆனால் தோழர்களே, காலை ஏழு மணிக்கு அவிநாசிச் சாலையில், பல்லடம் சாலையில், ஊத்துக்குளிச் சாலையில் நின்று பாருங்கள். கட்டிங் மாஸ்டர், ஓவர்லாக் டெய்லர், செக்கிங் செய்யும் பெண்கள், ஒரிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வயிற்றுப் பாட்டுக்காக வந்த வாலிபர்கள், அத்தனை பேரையும் அடைத்துக்கொண்டு கம்பெனி வேன்கள் வருகின்றன. எந்திரத்தை ஓட்டுவது காற்று. எந்திரத்தை ஓட்டுகிறவனை ஏற்றி வருவது டீசல்! துணி புகையில்லாமல் பிறக்கிறது. துணியைத் தைக்கிறவன் புகையைக் குடித்துக்கொண்டு வருகிறான். மெஷினுக்குக் கிடைத்த மரியாதை மனிதனுக்குக் கிடைக்கவில்லையே, ஏன்?

இப்போது உலகமெங்கும் ஒரு பேச்சு: நகரங்களில் ஆளுக்கொரு கார் வேண்டாம், பலருக்குப் பொதுவாகச் சில மின்சாரக் கார்கள் போதும், அவற்றுக்கு வேண்டிய மின்சாரத்தைக் காற்றிலும் கதிரவனிலும் எடுப்போம் என்று. கேட்கப் புதுமையாகத்தான் இருக்கிறது. பொது வண்டி என்பது பங்களாக்காரர்களுக்குப் புதுமை. நமக்கு அது பரம்பரைச் சொத்து! ஷேர் ஆட்டோவில் நெருக்கியடித்து உட்கார்ந்து, முழங்காலில் சாப்பாட்டுத் தூக்கை வைத்துக்கொண்டு போனவர்கள் நாம். ஒரு வண்டியைப் பலர் பகிர்ந்துகொள்வது எப்படி என்று உழைப்பாளிக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை.

இந்த மண்ணின் வரலாறும் அதையே சொல்கிறது. 1920ஆம் ஆண்டு, ஒரே ஒரு பஸ்ஸை வைத்துக்கொண்டு பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் இடையே ஓட்டத் தொடங்கினார் ஜி.டி. நாயுடு. உடுமலையைத் தொட்டுச் செல்லும் வழி அது. இன்று காற்றாலைகள் சுற்றும் அதே வட்டாரம். ஒரு பஸ் பல பஸ்ஸாயிற்று. பின்னர் தனியார் பஸ்கள் மக்கள் உடைமையாக்கப்பட்டு, 1972இல் கோவையைத் தலைமையிடமாகக் கொண்டு சேரன் போக்குவரத்துக் கழகம் பிறந்தது. இலாபம் உள்ள தடத்தில் மட்டுமல்ல, இலாபமில்லாத குக்கிராமத்துக்கும் பஸ் போயிற்று. 2021 மே மாதம் முதல் நகரப் பஸ்ஸில் பெண்கள் கட்டணமின்றிப் போகிறார்கள். பொது வண்டி பொதுமக்களின் வண்டியாக இருந்ததால் வந்த பலன்கள் இவை.

ஆகவே மின்சார வண்டி வரட்டும், வரவேற்போம். வரவேற்கும்போதே இரண்டு கேள்விகளை வாசலில் நிறுத்திக் கேட்போம். மின்சாரம் எங்கிருந்து வருகிறது? வண்டி யார் பெயரில் இருக்கிறது?

முதல் கேள்வி. மின்சாரக் காருக்குப் புகைக்குழாய் இல்லை, உண்மை. ஆனால் இந்தியாவில் பிறக்கும் மின்சாரத்தில் நான்கில் ஏறத்தாழ மூன்று பங்கு நிலக்கரியை எரித்துப் பெறுவது. அந்த மின்சாரத்தில் கார் ஓடினால், திருப்பூர்ச் சாலையில் இல்லாத புகையில் ஒரு பங்கு எண்ணூரிலே, மேட்டூரிலே, தூத்துக்குடியிலே வேறொரு தொழிலாளியின் நெஞ்சில் இறங்கும். புகை ஒழியவில்லை, வீடு மாறியிருக்கிறது, அவ்வளவுதான்!

வீடு மாறிய அழுக்கின் கதையைத் திருப்பூருக்கு நாம் சொல்லவேண்டுமா? பனியன் வெண்மையாக வெளிநாடு போயிற்று. சாயம் நொய்யலில் இறங்கி ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிற்று. ஊர் செழித்தது, கீழே இருந்த உழவன் நிலம் உப்பேறிக் கெட்டது. கடைசியில் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. பட்டறை மூடியபோது பட்டினி கிடந்தது யார்? தொட்டியருகே நின்று கைநிறம் மாறிப்போன கூலியாள்! அழுக்கை அடுத்தவன் வாசலில் தள்ளினால், ஒருநாள் அது வட்டியோடு திரும்பும். அந்தப் பாடத்தைப் படித்த ஊர் இது. மீண்டும் ஒருமுறை தோற்றுப் படிக்கவேண்டாம்.

காற்றில் கார் ஓடுமா என்று ஐயப்படுவோர் உண்டு. கணக்குப் போடுவோம். 250 கிலோவாட் திறனுள்ள பழைய சிறு காற்றாலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஆண்டு முழுதும் முழு வேகத்தில் சுற்றினால் 21.9 இலட்சம் யூனிட். காற்று அப்படி வீசாது. ஐந்தில் ஒரு பங்கு என்று வைத்தாலும் 4 இலட்சத்துக்கு மேல். கம்பியில் இழப்பு, பாட்டரியில் இழப்பு என்று தாராளமாகத் தள்ளி, 3 இலட்சம் என்று கொள்வோம். ஒரு யூனிட்டில் சிறிய மின்சாரக் கார் 6 கிலோமீட்டர் ஓடும் என்றால், 18 இலட்சம் கிலோமீட்டர்! நாளொன்றுக்கு 200 கிலோமீட்டர் வீதம் ஆண்டுக்கு 300 நாள் ஓடும் வாடகைக் காருக்கு 60,000 கிலோமீட்டர் ஆகிறது. ஆக, ஒரே ஒரு பழைய காற்றாலை, 30 பொதுக் கார்களை ஆண்டு முழுதும் ஓட்டும். இது கற்பனை அல்ல, கூட்டல் கழித்தல்.

"காற்றடி காலம் போனால்?" என்பார்கள். கதிரவன் இருக்கிறான்! திருப்பூரின் வேலை நேரமே அதற்குத் தோதாக அமைந்திருக்கிறது. காலை எட்டரைக்கு ஆளை இறக்கிய கம்பெனி வேன், இரவு எட்டு மணி வரை பெரும்பாலும் கம்பெனி வாசலிலேயே படுத்துக் கிடக்கிறது. அந்த நேரம் முழுதும் கம்பெனிக் கூரைமீது வெயில் கொளுத்துகிறது. கூரையிலே சூரியத் தகடு, கீழே வேன். இடையே ஒரு கம்பி! தொழிலாளி ஒன்றரை ஷிப்ட் முடித்து வருவதற்குள் வண்டி வயிறு நிரம்பிக் காத்திருக்கும். பகலெல்லாம் ஓடும் ஷேர் ஆட்டோவுக்கும் காருக்கும் இரவு இருக்கிறது. வைகாசி முதல் புரட்டாசி வரை காற்று நள்ளிரவிலும் ஓய்வதில்லை. ஊர் உறங்கும் அந்த நேரத்தில் மின்சாரத்துக்குக் கிராக்கி குறைவு. எடுத்துக்கொள்ள ஆளில்லை, ஆலையை நிறுத்து என்று காற்றாலைகளுக்கு உத்தரவு போன காலமும் உண்டு. தூங்கும் வண்டிகளின் பாட்டரி அந்தக் காற்றைச் சேமித்தால் என்ன? ஆனைமலையில் காடம்பாறை நிலையம் இதைத்தானே செய்கிறது! மின்சாரம் மிஞ்சும்போது நீரை மேலே ஏற்றி, வேண்டும்போது கீழே இறக்கி 400 மெகாவாட் வரை தருகிறது. மலையில் நீர் செய்வதை, ஊரில் பாட்டரி செய்யும்.

இனி இரண்டாம் கேள்வி. இதுதான் முள்!

டெல்லியிலும் பெங்களூரிலும் புளூஸ்மார்ட் என்ற கம்பெனி, முழுக்க மின்சாரக் கார்களையே வாடகைக்கு ஓட்டியது. 2019இல் தொடங்கி ஆயிரக்கணக்கில் கார்கள், ஆயிரக்கணக்கில் ஓட்டுநர்கள் என்று வளர்ந்தது. கார்களில் பெரும்பகுதியை வாங்கிக் குத்தகைக்குக் கொடுத்தது ஜென்சால் என்ற சூரிய மின்சாரக் கம்பெனி. 2025 ஏப்ரலில் பங்குச் சந்தை வாரியமான செபி ஓர் இடைக்கால உத்தரவு போட்டது. 6,400 கார்கள் வாங்குவதற்கென்று அரசுத்துறை நிதி நிறுவனங்களிடம் ஏறத்தாழ 664 கோடி ரூபாய் கடன் பெற்று, 4,704 கார்களே வாங்கப்பட்டன என்றும், பணம் வேறு வழிகளில் திருப்பிவிடப்பட்டதாகத் தோன்றுகிறது என்றும் அதில் கூறப்பட்டது. அடுத்த நாட்களில் சேவை நின்றது. குற்றம் யார்மீது, எவ்வளவு என்பதை விசாரணை சொல்லட்டும். நாம் கேட்பது ஒன்றுதான்: கார் நின்ற மறுநாள் ஓட்டுநர் வீட்டில் உலை கொதித்ததா? கடன் பொதுப்பணம், பெயர் பசுமை, பாடு ஓட்டுநருக்கு!

வெளிநாட்டிலும் பாடம் உண்டு. பாரிஸ் நகரத்தில் 2011இல் மக்கள் தாமே எடுத்து ஓட்டும் பொது மின்சாரக் கார்த் திட்டம் வந்தது. ஒப்பந்தம் தனியாரிடம். நட்டம் ஏறியது, யார் சுமப்பது என்று வழக்கு வந்தது, 2018இல் திட்டம் மூடப்பட்டது. சீனத்து ஷென்சென் நகரம் பஸ்ஸிலிருந்து தொடங்கியது. 2017 முடிவதற்குள் 16,000க்கு மேற்பட்ட நகரப் பஸ்கள் அத்தனையும் மின்சாரத்துக்கு மாறின. முதலில் பஸ், பிறகு கார். பலர் ஏறும் வண்டிக்கு முதல் மரியாதை!

நம் நாட்டிலும் 2025 ஜூன் 30 அன்று, சென்னை வியாசர்பாடிப் பணிமனையிலிருந்து 120 மின்சாரப் பஸ்கள் புறப்பட்டன. மகிழ்கிறோம். அங்கே கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று ஒப்பந்தக் கம்பெனிக்குப் பணம். ஓட்டுநர் அந்தக் கம்பெனியின் ஆள். அந்த முறையே நாளை திருப்பூருக்கும் வருமானால், ஓட்டுநரின் சம்பளமும் நிரந்தரமும் ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கிறதா என்று தொழிற்சங்கம் இன்றே கேட்கவேண்டும். பஸ் ஓடத் தொடங்கிய பிறகு கேட்டால், பதில் புழுதியாகத்தான் வரும்.

என்ன செய்யவேண்டும்? மூன்று காரியங்கள்.

ஒன்று: பழைய கம்பெனி வேனைக் கழிக்கும்போதெல்லாம், அதன் இடத்தில் மின்சார வேன், கம்பெனிக் கூரையில் அதற்கான சூரியத் தகடு. செலவு என்று முதலாளிமார் தயங்கினால், அவர்களுடைய ஐரோப்பிய வாடிக்கையாளர்களையே சாட்சிக்கு அழைப்போம். துணி நெய்த புகையை மட்டுமல்ல, தொழிலாளி வேலைக்கு வந்துபோன பயணத்தின் புகையையும் கணக்கில் எழுதும் முறை உலக வழக்கத்தில் வந்துவிட்டது. தொழிலாளியின் பயணம் சுத்தமானால் ஆர்டர் புத்தகத்துக்கும் அது நல்லது.

இரண்டு: பழைய சிறு காற்றாலைகளை எடுத்துவிட்டுப் பெரியவற்றை நடுவதற்குத் தமிழ்நாடு அரசு 2024இல் கொள்கை வகுத்திருக்கிறது. புதிதாகக் கிடைக்கும் கூடுதல் மின்சாரத்தில் ஒரு பங்கு, பொதுப் போக்குவரத்துப் பணிமனைகளுக்கு என்று ஒதுக்கட்டும்.

மூன்று: ஷேர் ஆட்டோ, வாடகைக் கார் ஓட்டுநர்கள் கூட்டுறவுச் சங்கம் அமைக்கட்டும். வண்டியும் சங்கத்துக்கு; மின்னேற்றும் நிலையமும் சங்கத்துக்கு; காற்றாலையோடு மின்சார ஒப்பந்தமும் சங்கத்தின் பெயரில். எவனோ ஒருவன் கடனை ஏப்பம்விட்டால், 30 குடும்பங்கள் தெருவுக்கு வரும் நிலை அப்போது இராது. கணக்குப் புத்தகம் உறுப்பினன் கையில் இருக்கும். பாங்கிகள் கம்பெனிக்குக் கோடிகளை அள்ளிக் கொடுத்தன. ஓட்டுநர் சங்கத்துக்கு இலட்சங்களைக் கொடுக்க ஏன் தயங்கவேண்டும்?

நூறு யோசனை வரும், நூறு கம்பெனி வரும். பசுமை என்று பெயிண்ட் அடித்து வரும் வண்டியைக் கண்டு நாம் மயங்கவும் வேண்டாம். மின்சாரம் என்ற சொல்லைக் கண்டு மிரளவும் வேண்டாம். 1932இல் பைக்காராவின் நீர் மின்சாரமாகி மலையிறங்கிக் கோவைச் சீமைக்கு வந்தது. ஆலைகள் எழுந்தன. ஆலையோடு தொழிற்சங்கமும் எழுந்தது. எட்டு மணி நேர வேலை வேண்டுமென்ற குரலும் எழுந்தது. புதிய சக்தி வரும்போதெல்லாம் புதிய உரிமையைக் கேட்டுப் பெற்ற பூமி இது.

காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்றார்கள் பெரியோர். தூற்றுகிறவன் முறத்தை மட்டும் கெட்டியாகப் பிடித்தால் போதாது. களத்தில் குவிகிற நெல் எந்த வீட்டுக் குதிருக்குப் போகிறது என்பதையும் பார்க்கவேண்டும். அடுத்த சங்கக் கூட்டத்தில், கூலி உயர்வுக் கோரிக்கைக்கு அடுத்த வரியாக, கம்பெனி வேனையும் எழுதுங்கள் தோழர்களே!