பால், பாலினம்: சொற்களில் கவனம் ஏன் வேண்டும்?

புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியைச் சேர்ந்த ஓட்ட வீராங்கனை சாந்தி சௌந்தரராஜன், 2006ஆம் ஆண்டு டிசம்பரில் தோகாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் மகளிர் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் வென்றார். செங்கற்சூளைத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்து அவ்விடத்தை எட்டியவர் அவர். சில நாள்களிலேயே அப்பதக்கம் பறிக்கப்பட்டது. ‘பாலினச் சோதனையில் தோல்வி’ என்று செய்திகள் வெளியாயின. நம் மாவட்டத்தின் தேநீர்க் கடைகளிலும் அச்சொற்களே புழங்கின. அவை சில நாவுகளில் ‘பெண்ணே அல்லவாம்’ என்று சுருங்கின.

‘தோல்வி’ என்ற சொல்லை முதலில் எடுத்துக்கொள்வோம். இரத்தச் சர்க்கரை மிகுந்திருக்கும் ஒருவரைச் ‘சோதனையில் தோற்றார்’ என்று எந்த மருத்துவரும் சொல்வதில்லை. ஆய்வகம் ஒன்றை அளக்கிறது. அளந்ததைத் தாளில் எழுதுகிறது. அத்துடன் அதன் பணி முடிகிறது. அடுத்து, ‘பாலினம்’. ஒருவர் தம்மை ஆண் என்றோ பெண் என்றோ வேறாகவோ உணர்ந்து, அவ்வாறே சமூகத்தில் வாழ்வதைக் குறிக்க இன்று அச்சொல் பயன்படுகிறது. உடலின் கூறுகளைக் குறிக்கும் சொல் ‘பால்’. ஊசியில் எடுத்த இரத்தத்தைக் கொண்டு பாலின் சில கூறுகளை அறியலாம். பாலினத்தை அறிய இயலாது.

‘சில கூறுகள்’ என்பதையும் விளக்க வேண்டும். குரோமோசோம்கள், சினைப்பை அல்லது விந்தகம் போன்ற உள்ளுறுப்புகள், அவை சுரக்கும் இயக்குநீர்கள், அந்நீர்களுக்கு உடல் இணங்கும் தன்மை, வெளியுறுப்பின் அமைப்பு ஆகிய யாவும் சேர்ந்ததே பால். பெரும்பாலோரிடம் இவை ஒரே திசையில் அமைகின்றன. சிலரிடம் அவ்வாறு அமைவதில்லை. எடுத்துக்காட்டாக, ஆண்ட்ரோஜன் ஏலாமை என்றொரு நிலை உண்டு. அதன் முழுமையான வடிவில் குரோமோசோம்கள் எக்ஸ்-ஒய். வயிற்றினுள் விந்தகங்கள் இருந்து டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கும். ஆயினும் உடலின் உயிரணுக்கள் அதை ஏற்பதில்லை. ஆதலால் குழந்தை பெண்ணுடலோடு பிறக்கிறது, பெண்ணாகவே வளர்கிறது, மார்பகமும் வளர்ச்சி பெறுகிறது. கருப்பை இல்லாமையால் மாதவிலக்கு மட்டும் வருவதில்லை. இவரை நோக்கி ‘நீ ஆண்’ என்பவர் ஓர் ஆய்வக முடிவை மட்டும் படித்துவிட்டு முழு மனிதரையும் படித்துவிட்டதாக எண்ணுகிறார். (சாந்தியின் உடல்நிலை பற்றி ஊடகங்கள் பலவாறு எழுதியிருக்கின்றன. அது அவர் சொல்ல வேண்டிய செய்தி. இவ்விதழ் அதில் புகவில்லை.)

மகளிர் பிரிவில் யார் ஓடலாம் என்பது நியாயமான கேள்விதான். உடல் வலிமையில் சமநிலை வேண்டும் என்று கேட்கும் வீராங்கனையரின் கவலையைத் தள்ளிவிட முடியாது. ஆனால் அது போட்டி விதி பற்றிய கேள்வி. உலகத் தடகள அமைப்பு 2025 செப்டம்பர் முதல், உலகத் தரவரிசைக்குரிய மகளிர் போட்டிகளில் பங்கேற்போர் எஸ்.ஆர்.ஒய் என்னும் மரபணுவுக்கான சோதனையை ஒரு முறை செய்துகொள்ள வேண்டும் என விதித்துள்ளது. அச்சோதனை, அம்மரபணு உண்டா இல்லையா என்பதற்கே விடை தரும். ஒருவர் எந்தப் பிரிவில் ஓடலாம் என்பதையும், அவர் யார் என்பதையும் ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டதுதான் 2006இல் நேர்ந்த தீங்கு.

அதே 2006இல் மருத்துவ உலகம் தன் சொற்களைத் திருத்திக்கொண்டது என்பது நினைவில் கொள்ளத்தக்கது. அவ்வாண்டு வெளியான பன்னாட்டு வல்லுநர்களின் இசைவறிக்கை, ‘போலி இருபாலுயிரி’ என்னும் பொருள்படும் பழைய கலைச்சொற்களைக் கைவிடப் பரிந்துரைத்தது. அவை குழப்பமானவை, நோயாளரை இழிவுபடுத்துபவை என்பது காரணம். தமிழில் ‘ஊடுபால்’ என்ற சொல்லை, 2022இல் தமிழ்நாடு அரசு வெளியிட்ட சொற்பட்டியல் ஏற்றது. திருநங்கை என்பது வேறு. பிறப்பில் ஆண் எனக் குறிக்கப்பட்டுப் பெண்ணாகத் தம்மை உணர்பவர் திருநங்கை. உடற்கூறுகள் வழக்கமான வகைக்குள் அடங்காமல் பிறப்பவர் ஊடுபால் நிலையுடையவர். பெண்ணாகப் பிறந்து, பெண்ணாக வளர்ந்து, பிற்காலத்தில் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் தடகளப் பயிற்றுநராகப் பணியேற்ற சாந்தியைத் திருநங்கை என்பது பிழை.

சொல்லின் எல்லை நீதிமன்றத்திலும் தீர்மானிக்கப்பட்டது. 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இந்துத் திருமணச் சட்டத்தில் உள்ள ‘மணமகள்’ என்ற சொல் திருநங்கையையும் உள்ளடக்கும் எனத் தீர்ப்பளித்தது. ஊடுபால் நிலையில் பிறக்கும் குழந்தைகளுக்குப் பாலைத் ‘திருத்தும்’ அறுவை சிகிச்சை செய்வதைத் தடுக்குமாறும் அதே தீர்ப்பு கூறியது. அவ்வாண்டு ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு அதற்கான ஆணையைப் பிறப்பித்தது. உயிருக்கு ஆபத்தான நிலையில் மட்டுமே விலக்கு உண்டு.

இனி, நம் மருத்துவமனைக்கு வரும் குடும்பத்தாருக்குச் சில செய்திகள்.

பிரசவ அறையின் வாயிலில் உறவினர் கேட்கும் முதல் கேள்வி ‘என்ன குழந்தை?’ என்பதே. அரிதாக, பார்த்த மாத்திரத்தில் விடை கூற இயலாமற் போகலாம். அப்போது பெற்றோரை விரைவுபடுத்த வேண்டா. இத்தகைய குழந்தைகளுள் சிலருக்கு, சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பியின் பிறவிக் கோளாறு காரணமாக இருக்கும். அதன் கடுமையான வகையில் பிறந்த ஓரிரு வாரங்களுக்குள் உடலின் உப்பு குறைந்து உயிருக்கே இடர் நேரும். பால் குடிக்காமை, ஓயாத வாந்தி, சோர்வு ஆகியவை தென்பட்டால் ஒரு நாளும் தாமதியாமல் குழந்தையைக் கொண்டுவர வேண்டும். உரிய மருந்தால் அக்குழந்தை நலமாக வளரும்.

பதினைந்து வயதாகியும் பூப்பெய்தாத பெண்ணை ‘இருசி’ என்று ஏசும் வழக்கம் நம் ஊர்களில் இன்னும் முற்றும் ஒழியவில்லை. அந்த ஒரு வசைச்சொல்லுக்குள் நான்கைந்து வெவ்வேறு நிலைகள் அடங்கிக் கிடக்கின்றன. வெறும் தாமதமாக இருக்கலாம். டர்னர் நிலையாக இருக்கலாம். சினைப்பை நன்றாயிருந்து கருப்பை மட்டும் வளராமல் இருக்கலாம். மேலே சொன்ன ஆண்ட்ரோஜன் ஏலாமையாகவும் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் மருத்துவம் வேறு. அவளை மகப்பேறு மருத்துவரிடமோ நாளமில்லாச் சுரப்பி மருத்துவரிடமோ அழைத்து வாருங்கள். முடிவைப் பெற்றோரிடம் மட்டும் கூறி அவளிடம் மறைக்கும் பழைய முறையை நாங்கள் ஏற்பதில்லை; அவள் வயதுக்கேற்ற சொற்களில், அவளிடமே, உள்ளபடி கூறுவோம்.

பிறந்த குழந்தையைப் பற்றி அண்டை அயலார் கேட்டால், ‘தாயும் பிள்ளையும் நலம், மருத்துவர் பரிசோதித்து வருகிறார், பிறகு சொல்கிறோம்’ என்று கூறினால் போதும். அதில் ஒரு சொல்லும் பொய்யன்று.