ரப்பர் தீர்ந்த நாட்டில் சைக்கிள்

1916 ஜூலையில் ஜெர்மனியில் ஓர் அரசு உத்தரவு வந்தது. மக்கள் தங்கள் சைக்கிள்களின் டயரையும் டியூபையும் கழற்றி ஒப்படைக்க வேண்டும். பொழுதுபோக்குக்காக சைக்கிள் ஓட்டக் கூடாது. வேலைக்குப் போக வேறு வழியே இல்லாதவர்களுக்கு மட்டும் விலக்கு. சைக்கிளை யாரும் கேட்கவில்லை. சட்டகம், சங்கிலி, பெடல் எல்லாம் வீட்டிலேயே இருக்கலாம். சக்கரத்தைச் சுற்றியிருந்த ரப்பர்தான் ராணுவத்துக்குத் தேவைப்பட்டது.

வெறும் இரும்பு ரிம்மோடு நின்ற அந்த சைக்கிள்களை ஜெர்மானியர்கள் மூலையில் சாத்திவிட்டு நடக்கவில்லை. கைக்குக் கிடைத்ததையெல்லாம் ரிம்மில் சுற்றினார்கள். கயிற்றைச் சுற்றிப் பார்த்தார்கள். மரக்கட்டைகளை வரிசையாகக் கோத்து வளையமாக்கினார்கள். பருத்தி வராத காலத்தில் காகிதத்தை முறுக்கி நூலாக்கிப் பழகியிருந்த நாடு அது. காகிதக் கயிறும் சக்கரத்துக்கு வந்தது. எல்லாவற்றையும்விடப் பெரிதாகப் பரவியது சுருள்வில் டயர். ரிம்முக்கு வெளியே இன்னொரு இரும்பு வளையம். இரண்டுக்கும் நடுவே சுற்றிலும் எஃகுச் சுருள்கள். தொழிற்சாலைகளே இதைச் செய்து விற்றன. போர்முனையில் சைக்கிளில் திரிந்த ராணுவத் தூதர்களும் இதில் ஓட்டினார்கள். இத்தகைய சைக்கிள்கள் சில இன்றும் அருங்காட்சியகங்களில் நிற்கின்றன. பஞ்சரே ஆகாத சக்கரம். ஆனாலும் போர் முடிந்து ரப்பர் வரத் தொடங்கியதும் அதை ஒருவரும் விரும்பி வைத்துக்கொள்ளவில்லை. ஏன் என்பதுதான் இந்தக் கட்டுரையில் நான் சொல்ல விரும்பும் அறிவியல். காற்று நிரப்பிய டயர் என்ன வேலை செய்கிறது என்பதை, அதை இழந்தவர்களின் சக்கரங்கள்தாம் தெளிவாகக் காட்டுகின்றன.

அதற்கு முன், ரப்பர் ஏன் தீர்ந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். அந்தக் கதையில் நம் மக்கள் இருக்கிறார்கள். 1876இல் அமேசான் காட்டிலிருந்து ஹென்றி விக்காம் லண்டனுக்குக் கொண்டுபோன ரப்பர் விதைகள், கியூ தோட்டத்தில் முளைத்து, கன்றுகளாக இலங்கையின் ஹெனரத்கொடைக்கும் பிறகு சிங்கப்பூருக்கும் வந்தன. அடுத்த முப்பது ஆண்டுகளில் மலேயாவின் காடுகள் பால் மரத் தோட்டங்களாயின. அந்தத் தோட்டங்களுக்காகக் கங்காணிகள் திரட்டிக் கப்பலேற்றியது தமிழ்நாட்டுக் கிராமத்து மக்களை. விடியலுக்கு முன் எழுந்து, பட்டையைச் சாய்வாகச் சீவி, மங்கு என்னும் கிண்ணத்தில் பால் பிடித்தவர்கள் அவர்கள். 1914 வாக்கில் உலகச் சந்தைக்கு வந்த ரப்பரில் பாதிக்கு மேல் இத்தகைய ஆசியத் தோட்டங்களிலிருந்து வந்தது. அவற்றில் பெரும்பகுதி பிரிட்டனின் பிடியில் இருந்தது. போர் மூண்டதும் பிரிட்டிஷ் கடற்படை கடல் வழியை அடைத்தது. ஹனோவரில் 1892 முதல் சைக்கிளுக்குக் காற்று டயர் செய்துவந்த கான்டினென்டல் நிறுவனத்துக்கும் மலேயாவின் பால் மரத்துக்கும் இடையிலான வழி அறுந்தது.

தட்டுப்பாடு எவ்வளவு கடுமை என்பதற்கு ஒரு சான்று போதும். டயர்களைப் பறிக்கும் உத்தரவு வந்த அதே ஜூலையில், 'டாய்ச்லாண்ட்' என்ற சரக்கு நீர்மூழ்கிக் கப்பல் பிரிட்டிஷ் முற்றுகைக்கு அடியில் நழுவி அமெரிக்காவின் பால்டிமோர் துறைமுகத்தைச் சேர்ந்தது. சாயப் பொருள்களை இறக்கிவிட்டு நிக்கலும் வெள்ளீயமும் 300 டன்னுக்கு மேல் ரப்பரும் ஏற்றிக்கொண்டு ஆகஸ்டில் திரும்பியது. ரப்பரில் பெரும்பங்கைக் கப்பலின் அழுத்த உடலுக்கு வெளியே, கடல்நீர் புகும் இடத்திலேயே அடுக்கியிருந்தார்கள். நனைந்தால் கெடாத சரக்கு அது.

வேதியியலாளர்களும் சும்மா இருக்கவில்லை. எல்பர்ஃபெல்டில் பாயர் நிறுவனத்தின் ஆய்வகத்தில் ஃபிரிட்ஸ் ஹோஃப்மன் 1909இலேயே செயற்கை ரப்பருக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். போர்க்காலத்தில் அதன் உறவுக்காரப் பொருளான மெத்தில் ரப்பரை இரண்டாயிரம் டன்னுக்கு மேல் செய்தார்கள். திரவத்தைக் கலனில் ஊற்றிவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். மெல்ல மெல்ல அது இறுகும். கெட்டி ரப்பராக அது நீர்மூழ்கிக் கப்பல்களின் பேட்டரிப் பெட்டிகளுக்கு உதவியது. டயருக்கு உதவவில்லை. குளிரில் விறைத்தது, காற்றுப்பட்டுச் சிதைந்தது. என்னை வியக்க வைப்பது இன்னொன்று: ரப்பர் என்பது உள்ளுக்குள் என்ன என்று அப்போது யாருக்கும் தெரியாது. அது ஆயிரக்கணக்கான அணுக்கள் கோத்த நீளமான ஒற்றைச் சங்கிலி என்று ஹெர்மன் ஸ்டவுடிங்கர் எழுதியது 1920இல். அதற்கும் எதிர்ப்பு அடங்க ஆண்டுகள் ஆயின. நோபல் பரிசு 1953இல் வந்தது. என்னவென்றே தெரியாத ஒன்றை ஒரு நாடு டன் கணக்கில் சமைத்திருக்கிறது.

இனி சக்கரத்துக்கு வருவோம். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 90 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்சக்கரத்தின் மேல் சுமார் 55 கிலோ இறங்கும். டயரில் காற்றழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 4 கிலோ என்றால், அந்த 55 கிலோவைத் தாங்க டயர் தரையில் ஏறத்தாழ 14 சதுர சென்டிமீட்டர் அளவுக்குத் தட்டையானால் போதும். சுமை கூடினால் தட்டைப் பரப்பு கூடும். அழுத்தம் ஏறக்குறைய அப்படியே இருக்கும். நசுங்குவது சிறு பகுதி, காற்று இருப்பதோ சக்கரம் முழுவதும் என்பதால் உள்ளே இருக்கும் காற்றுக்கு அது உறைப்பதே இல்லை.

அப்படியானால் ரிம்மைத் தாங்குவது எது? அடியில் இருக்கும் காற்று ரிம்மை மேலே தள்ளுகிறது என்றுதான் தோன்றும். ஆனால் காற்று எல்லாப் பக்கமும் ஒரே அளவில் தள்ளுகிறது. மேலே தள்ளுவதும் கீழே தள்ளுவதும் கழிந்துபோகும். உண்மையில் வேலை செய்வது டயருக்குள் பின்னியிருக்கும் நூல்கள். காற்று டயரை வெளியே உப்ப வைக்க, இந்த நூல்கள் ரிம்மைச் சுற்றிலும் வெளிப்புறமாக இழுத்துப் பிடித்திருக்கின்றன. தரையில் படும் இடத்தில் மட்டும் டயர் பிதுங்கி, நூலின் இழுப்பு தளர்கிறது. மற்ற பக்கங்களின் இழுப்பு அப்படியே இருக்க, மொத்தத்தில் ரிம் மேல்நோக்கி இழுபடுகிறது. தூளியில் குழந்தை தொங்குவது போல ரிம் டயருக்குள் தொங்குகிறது. போக்ஸ் கம்பிகளிலும் இதே தந்திரம்தான். முறுக்கி வைத்த கம்பிகளில் தரைப்பக்கம் இருப்பவை தளர்கின்றன. மெல்லிய கம்பியால் ஆளைத் தாங்க முடிவது அதனால்.

சுருள்வில் டயரில் இந்தக் கூட்டு வேலை கிடையாது. தரையை நோக்கியிருக்கும் சில சுருள்கள்தாம் சுமையை வாங்குகின்றன, மற்றவை வேடிக்கை பார்க்கின்றன. மூன்று நான்கு சுருள் ஓர் ஆளைத் தாங்க வேண்டுமென்றால் அவை மிக விறைப்பாக இருந்தாக வேண்டும். விறைப்பாக இருந்தால் குலுக்கும். மெத்தென்று செய்தால் வளையம் ரிம்மில் இடிக்கும். இரண்டுக்கும் நடுவே நல்ல இடம் என்று ஒன்று அமையவில்லை.

கல்பாவிய தெருவில் அடுத்த சிக்கல். ஒரு சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும் கல்லில் இரும்பு வளையம் ஏறினால் அந்த 55 கிலோவும் ஒரு சென்டிமீட்டர் உயர வேண்டும். அந்த வேலைக்கான ஆற்றலைக் கொடுப்பது ஓட்டுபவரின் கால். கல்லிலிருந்து இறங்கும்போது அது திரும்பி வருவதில்லை. கடகடப்பாகவும் இடுப்பு வலியாகவும் போய்விடும். காற்று டயர் அந்தக் கல்லைத் தனக்குள் வாங்கிக்கொள்கிறது. ரப்பர் அந்த இடத்தில் மட்டும் குழிந்து, கல் கடந்ததும் வாங்கிய ஆற்றலில் பெரும்பகுதியைத் திருப்பித் தருகிறது. ஆள் உயர்வது மிகக் குறைவு. 1888இல் பெல்ஃபாஸ்டில் கால்நடை மருத்துவரான டன்லப் தன் மகனின் மூன்று சக்கர வண்டிக்குக் காற்றடைத்த குழாயைச் சுற்றியபோது, குலுக்கல் குறைந்த சவாரியை அவர் தேடினார். வேகமும் கூடியது பந்தயங்களில் உலகுக்குத் தெரியவந்தது.

இதைப் புரிந்துகொண்டால், வழியில் பஞ்சராகி நிற்கும்போது எந்தக் கைவைத்தியம் பலிக்கும், எது பலிக்காது என்று நாமே சொல்லிவிடலாம். டயருக்குள் புல்லையும் வைக்கோலையும் திணித்து ஓட்டுவது பழைய வழி. வீடு சேரலாம், அவ்வளவுதான்: புல் நசுங்கும், திரும்ப எழாது. வாங்கிய ஆற்றலையெல்லாம் தின்றுவிடும். நூல்களை இழுத்துப் பிடிக்க அழுத்தமும் இல்லை. டயர் ரிம்மில் நகரத் தொடங்கும். கற்பனைக்கு எட்டாத அளவு இறுக்கமாகத் திணித்தால்தான் சில கிலோமீட்டர் போகும்.

டியூபில் முடிச்சுப் போடுவது வேறு கதை, எனக்கு மிகப் பிடித்தது. ஓட்டை இருக்கும் இடத்தை மடித்து இறுக்கமாக ஒரு முடிச்சு, அல்லது அங்கேயே வெட்டி இரு முனைகளிலும் ஒவ்வொரு முடிச்சு. டியூப் நீளம் குறையும். இழுத்து உள்ளே வைத்துக் காற்றடித்தால் நிற்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் முடிச்சு ஒரு முறை இடிக்கும். ஆனாலும் காற்று காற்றுதான். டியூப் காற்றை வெளியே விடாமல் வைத்திருக்கும் பை மட்டுமே, பலம் முழுவதும் டயரின் நூலில் இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல செயல்விளக்கம் இல்லை.

டயரே கிழிந்தால்? கிழிசலுக்கு உள்ளே ஒரு பண நோட்டை மடித்து வைப்பது உலகெங்கும் சைக்கிள்காரர்கள் அறிந்த வழி. ஜெர்மன் சாலையில் அது ஐந்து யூரோ நோட்டு. காகிதம் நான்கு கிலோ அழுத்தத்தைத் தாங்குமா என்று தோன்றும். அந்த நான்கு கிலோ ஒரு சதுர சென்டிமீட்டருக்கு. அரை சதுர சென்டிமீட்டர் கிழிசலில் விழுவது இரண்டு கிலோ மட்டுமே. யூரோ நோட்டு பருத்தி நாரால் ஆனது. இழுவையைத் தாங்குவதில் பருத்தி பெயர் பெற்றது. தொடக்ககாலக் காற்று டயர்கள் பலவற்றின் உள்நூலும் பருத்திதான். செய்தித்தாள் மடித்து வைத்தால் நனைந்ததும் பிய்ந்துவிடும்.

நம் ஊர்க் கடைக்காரர் உப்புத்தாளில் தேய்த்து, சொல்யூஷன் தடவி, ஊதிக் காயவைத்து, பிறகுதான் பேட்சை வைப்பார். அந்தக் காத்திருப்பைத் தவிர்த்தவர்களின் ஒட்டு நிற்காது. சொல்யூஷனில் இருக்கும் கரைப்பான் முழுக்க ஆவியாக வேண்டும். இல்லையேல் இடையில் மாட்டிக்கொண்டு ஒட்டைப் பிரிக்கும். நல்ல பேட்சில் அந்தப் பசை வெறும் பசையும் அல்ல. டியூபின் ரப்பர் சங்கிலிகளையும் பேட்சின் ரப்பர் சங்கிலிகளையும் கந்தகப் பாலங்களால் பிணைக்கும் வேதிவினை அங்கே சாதாரண வெப்பத்திலேயே நடக்கிறது. ரப்பரின் பிசுபிசுப்பைக் கந்தகம் போக்கும் என்று 1832இல் கவனித்து எழுதியவரும் ஜெர்மானியர்தான், ஃபிரீட்ரிக் லூடர்ஸ்டார்ஃப். சூடாக்கி அதை முழுமையாக்கியவர் அமெரிக்கரான குட்இயர்.

சுருள்வில்லும் மரக்கட்டையும் முதல் போரோடு முடியவில்லை. இரண்டாம் உலகப் போரில் நெதர்லாந்தை ஆக்கிரமித்த ஜெர்மன் படை 1942இல் அங்கே மக்களின் சைக்கிள்களைப் பறித்தது. ஒளித்துக் காப்பாற்றிய சைக்கிள்களுக்கு டயர் கிடைக்கவில்லை. ஜெர்மானியர்கள் ஒரு தலைமுறைக்கு முன் செய்ததை டச்சுக்காரர்கள் செய்தார்கள்: மர வளையம், தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் குழாய். அந்நேரம் ஜெர்மனியிடம் 'புனா' என்ற நல்ல செயற்கை ரப்பர் இருந்தது. அதற்காக ஐ.ஜி. ஃபார்பன் நிறுவனம் ஆஷ்விட்ஸுக்கு அருகே மோனோவிட்ஸில் ஆலை எழுப்பியது. கட்டும் வேலையில் பல்லாயிரம் கைதிகள் மடிந்தார்கள். மலேயாத் தோட்டத்தின் பால் மரத்தடியிலும் நம் மக்கள் மலேரியாவில் மாண்டிருக்கிறார்கள். ரப்பரின் வரலாற்றை வெறும் கண்டுபிடிப்புகளின் வரிசையாக எழுத எனக்கு மனம் வரவில்லை.

ரப்பரை உள்நாட்டிலேயே பெறும் ஜெர்மனியின் முயற்சி இப்போது வேறு வடிவத்தில் தொடர்கிறது. மஞ்சள் பூப் பூக்கும் டான்டேலியன் செடியின் ரஷ்ய இனம் ஒன்றின் வேரில் வெள்ளைப் பால் சுரக்கிறது. 2018இல் கான்டினென்டல் வடகிழக்கு ஜெர்மனியின் அன்க்லாமில் இதற்கென ஓர் ஆய்வுக்கூடத்தைத் திறந்தது. அந்த ரப்பரில் செய்து கடைக்கு வந்த முதல் பொருள் காருக்கோ லாரிக்கோ ஆனதல்ல, சைக்கிள் டயர். பால் மரம் சீவும் பருவத்துக்கு வர ஏழு ஆண்டுகள் ஆகும். இந்தச் செடியின் வேரை ஓராண்டில் பிடுங்கலாம். இரண்டிலும் கிடைப்பது ஒரே மூலக்கூற்றுச் சங்கிலி.