டைனோசர் பொம்மை சரியா, தப்பா? கோழியிடம் இருக்கிறது பாதி விடை

‘அறிவியல்படி துல்லியமானது’ என்ற அறிவிப்போடு புதிய டைனோசர் உருவம் ஒன்று விற்பனைக்கு வந்தால், அவற்றைச் சேகரிப்பவர்கள் வண்ணத்தைப் பார்ப்பதற்கு முன் உடற்கூறைப் பார்க்கிறார்கள். உள்ளங்கை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, மூடிய வாயில் பல் தெரிகிறதா, வால் தரையைத் தொடுகிறதா, காலில் எத்தனை விரல் ஊன்றியிருக்கிறது என்றெல்லாம் சோதித்த பிறகுதான் பாராட்டோ குறையோ வரும். ஒரு மணிக்கட்டின் திருப்பத்துக்காக நாள்கணக்கில் வாதாடுபவர்களும் உண்டு. பொம்மைக்கு இவ்வளவா என்று தோன்றலாம். ஆனால் இந்த வாதங்களில் பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் ஒரு புதைபடிவமும் ஓர் ஆய்வுக் கட்டுரையும் இருக்கின்றன.

இவற்றைப் புரிந்துகொள்ள சேலம், நாமக்கல் வட்டாரத்து மக்களுக்கு ஒரு வசதி உண்டு. பறவைகள் டைனோசர்களில் இன்றும் உயிரோடிருக்கும் கிளை என்பது தொல்லுயிரியலில் உறுதியான முடிவு. டைரனோசாரஸ், வெலாசிராப்டர் போன்ற இருகால் டைனோசர்கள் அடங்கிய தெரோபாட் கூட்டத்தில்தான் பறவைகளும் சேர்கின்றன. நாள்தோறும் கோடிக்கணக்கில் முட்டை அனுப்பும் நாமக்கல்லில், பொம்மையைச் சரிபார்க்கத் தேவையான சான்றில் பாதி பண்ணையிலும் வீட்டு வாசலிலும் கண்ணில் படுகிறது.

170 ஆண்டுகளாகத் திருத்தப்படும் உருவம்

1854இல் லண்டனின் கிரிஸ்டல் பேலஸ் பூங்காவில், பெஞ்சமின் வாட்டர்ஹவுஸ் ஹாக்கின்ஸ் என்ற சிற்பி முழு அளவு டைனோசர் சிலைகளை நிறுவினார். ‘டைனோசர்’ என்ற பெயரைத் தந்த ரிச்சர்ட் ஓவனே அவருக்கு ஆலோசகர். அந்தக் காலத்துக்கு அவை மிகச் சரியான உருவங்கள். இகுவானோடானை நான்கு காலில் நிற்கும் கனத்த விலங்காகச் செய்து, மூக்கின் மேல் ஒரு கொம்பு வைத்தார்கள். 1878இல் பெல்ஜியத்தின் பெர்னிசார் நிலக்கரிச் சுரங்கத்தில் ஏறக்குறைய முழுமையான இகுவானோடான் எலும்புக்கூடுகள் பல கிடைத்தபோது, கொம்பு என்று நினைத்தது கையின் கட்டைவிரல் முள் என்று தெரியவந்தது.

இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி, டைனோசர் என்றால் வாலைத் தரையில் இழுத்துக்கொண்டு நிமிர்ந்து நிற்கும் மந்தமான பிராணி. வால் நிலத்தில் உரசியிருந்தால் காலடித் தடங்களுக்கு நடுவே கோடு பதிந்திருக்க வேண்டும். கிடைத்த தடங்களில் அப்படிப்பட்ட கோடு மிக அரிது. 1969இல் ஜான் ஆஸ்ட்ரம் டைனோனிகஸ் என்ற டைனோசரை விவரித்த பிறகு, டைனோசர்கள் சுறுசுறுப்பான விலங்குகள் என்ற கருத்து வலுத்தது. வால் மேலே எழுந்தது. முதுகு தரைக்கு இணையாக வந்தது.

பொம்மைகள் இந்த மாற்றத்தை மெதுவாகத்தான் பின்தொடர்ந்தன. அமெரிக்காவின் சஃபாரி நிறுவனம் கார்னகி அருங்காட்சியகத்தோடு சேர்ந்து 1988 முதல் 2015 வரை வெளியிட்ட வரிசை, பொம்மைக்கு அறிவியலாளரின் கண் தேவை என்பதை நிலைநாட்டியது. 1993இல் வந்த ‘ஜுராசிக் பார்க்’ படமோ, வெலாசிராப்டரை ஆள் உயரத்துக்கு, இறகில்லாமல் காட்டி உலகம் முழுவதும் பதியவைத்துவிட்டது. உண்மையான வெலாசிராப்டர் வான்கோழி அளவுதான். இறகுத் தண்டுகள் பொருந்தும் சிறு முடிச்சுகள் அதன் முன்கை எலும்பில் இருப்பதை 2007இல் கண்டறிந்தார்கள். அதற்கு முன்பே, 1996இல், சீனாவின் லியாவோனிங் பகுதியிலிருந்து இழை போன்ற மென்தூவி படிந்த சைனோசாராப்டெரிக்ஸ் உலகுக்கு அறிமுகமாகியிருந்தது. 2016இல் டேவிட் சில்வா என்ற சிற்பி பொதுமக்களிடம் நிதி திரட்டித் தொடங்கிய ‘பீஸ்ட்ஸ் ஆஃப் தி மெசோஸோயிக்’ வரிசை, வெலாசிராப்டர் போன்ற ராப்டர்களை இறகோடு, ஆறில் ஒரு பங்கு அளவில், மூட்டுகள் அசையும்படி கொண்டுவந்தது. துல்லியத்துக்காகவே பணம் கொடுக்க ஆள் இருக்கிறார்கள் என்பதை அது காட்டியது.

கோழியில் பார்க்க வேண்டியவை

முதலில் கை. பழைய பொம்மைகளில் டைரனோசாரஸ் உள்ளங்கையைத் தரையை நோக்கித் தொங்கவிட்டிருக்கும். தெரோபாட்களின் மணிக்கட்டு அப்படித் திரும்பாது. கைதட்டத் தயாரானவர்போல் இரு உள்ளங்கைகளும் ஒன்றையொன்று பார்த்திருக்க வேண்டும். கோழி இறக்கையை விரித்து மடக்கிப் பாருங்கள். மணிக்கட்டு பக்கவாட்டில் மடிந்து உடலோடு ஒட்டும். ராப்டர்களின் மணிக்கட்டிலும் பிறைவடிவ எலும்பு ஒன்று இருந்து இதே மடிப்புக்கு வழிவிட்டது. சேகரிப்பாளர்கள் ஒரு பொம்மையை ஒதுக்கச் சொல்லும் முதல் காரணம் பெரும்பாலும் கைதான்.

அடுத்தது கால். கோழி முன்பக்கம் மூன்று விரலை ஊன்றும். பின்னால் ஒரு சிறு விரல். பெரிய தெரோபாட்களில் பெரும்பாலானவையும் மூன்று விரலில்தான் நின்றன. அவற்றின் பின்விரல் தரையைத் தொடாத அளவுக்குச் சிறியது. பொம்மை சாயாமல் நிற்பதற்காகப் பாதத்தை அளவுக்கு மீறிப் பெரிதாக்குவது உற்பத்தியாளர்களின் பழைய வழி. வாலை ஊன்றுகோலாக்குவது இன்னொன்று. இப்போது பல நிறுவனங்கள் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாங்கியைத் தனியாகத் தருகின்றன. தாங்கி அழகைக் கெடுக்கிறது என்பவர்களும், பாதத்தைக் கெடுப்பதைவிடத் தாங்கி மேல் என்பவர்களும் இதில் இரண்டு கட்சி. இரண்டாவது கட்சியின் பக்கம்தான் நியாயம் இருக்கிறது. தாங்கியை எடுத்துவிடலாம், தப்பான பாதத்தை மாற்ற முடியாது.

மூன்றாவது, சதை. மண்டையோட்டின் பள்ளங்கள் எல்லாம் தெரியும்படி தோலை எலும்போடு ஒட்டவைப்பது பல உருவங்களில் காணும் குறை. ஒரு சேவலின் எலும்புக்கூட்டை மட்டும் பார்த்து அதை வரைந்தால் கொண்டையும் தாடியும் வரவே வராது. சதை மட்கிவிடும். டைனோசர்களுக்கும் இப்படிச் சதை உறுப்புகள் இருந்தன என்பது வெறும் ஊகமில்லை. கனடாவில் கிடைத்த எட்மாண்டோசாரஸ் என்ற டைனோசரின் படிவம் ஒன்றில், தலைமேல் எலும்பில்லாத சதைக் கொண்டை இருந்த அடையாளத்தை 2013இல் வெளியிட்டார்கள். அதுவரை செய்த அந்த இனத்துப் பொம்மைகள் பெரும்பாலும் மொட்டைத் தலையோடு இருந்தன.

கோழியிடமிருந்து எடுக்கக் கூடாததும் ஒன்று உண்டு: அதன் நிற்கும் தோரணை. கனமான வால் இல்லாததால் கோழி தொடையை முன்னோக்கி மடக்கியே நிற்கிறது. சிலி நாட்டு ஆய்வாளர்கள் குஞ்சுப் பருவத்திலிருந்தே கோழிகளுக்குச் செயற்கை வால் பொருத்தி வளர்த்து, 2014இல் முடிவை வெளியிட்டார்கள். வால் ஏறியதும் தொடை நேராகி, நடை பழைய தெரோபாட்களை நெருங்கியது.

சேகரிப்பாளர்கள் மோதும் இடங்கள்

டைரனோசாரஸுக்கு இறகு உண்டா என்பது பெரிய சண்டை. 2012இல் சீனாவில் அறிமுகமான யூடிரனஸ், ஏறத்தாழ 9 மீட்டர் நீளமுள்ள உறவினம்; உடலில் தூவி இருந்ததற்குச் சான்று கிடைத்தது. உடனே இறகு போர்த்திய டைரனோசாரஸ் பொம்மைகள் வந்தன. 2017இல் டைரனோசாரஸின் கழுத்து, இடுப்பு, வால் பகுதித் தோல் பதிவுகளை ஆராய்ந்தபோது அவற்றில் தெரிந்தது செதில். தூவி இருந்திருந்தாலும் முதுகோடு நின்றிருக்கும் என்றது அந்த ஆய்வு. கோழியின் காலில் செதில், உடலில் இறகு. ஒரே விலங்கில் இரண்டும் சேர்ந்திருப்பது நமக்குப் புதிதில்லை. முதுகில் மெல்லிய தூவி வைத்த உருவத்தையும் முழுக்கச் செதில் போட்ட உருவத்தையும் இப்போதைய சான்று அனுமதிக்கிறது. கழுத்து முதல் வால் வரை அடர்ந்த இறகு என்றால் அதற்கு ஆதாரம் கிடையாது.

அடுத்தது உதடு. முதலைக்கு வாயை மூடினாலும் பல் தெரியும்; உடும்புக்குத் தெரியாது. தெரோபாட்களின் பல் எனாமல் தேய்மானத்தையும் பல்லுக்கும் தாடைக்கும் உள்ள அளவையும் ஒப்பிட்ட 2023 ஆய்வு ஒன்று, உடும்பின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. எல்லா ஆய்வாளரும் இதை ஏற்றுவிடவில்லை. ஆனாலும் உதடு மூடிய புதிய உருவங்களைச் சேகரிப்பாளர்களில் பெரும்பகுதியினர் வரவேற்கிறார்கள். பல் தெரிந்தால்தான் மிரட்டலாக இருக்கிறது என்பவர்கள் பழையதையே வைத்துக்கொள்கிறார்கள்.

மனம் நொந்தவர்கள் ஸ்பைனோசாரஸ் ரசிகர்கள். எகிப்தில் 1912இல் கிடைத்து, 1915இல் பெயரிடப்பட்ட அதன் மூல எலும்புகள் 1944இல் மியூனிக் குண்டுவீச்சில் அழிந்தன. 2014இல் புதிய எலும்புகளை வைத்துக் கால் குட்டை என்றார்கள். 2020இல் வால் துடுப்பு போன்றது என்று தெரிந்தது. ஒவ்வொரு முறையும் அலமாரியில் இருந்த உருவம் பழசாகிவிட்டது. துல்லியமான உருவத்துக்கும் ஆண்டு உண்டு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் இல்லை.

நம் மண்ணின் டைனோசர்கள்

சேலம், நாமக்கல் நிலத்தைத் தோண்டினால் டைனோசர் கிடைக்காது. கஞ்சமலையின் இரும்புத்தாதும் சுற்றியுள்ள சார்னோக்கைட், நைஸ் பாறைகளும் விலங்கினமே தோன்றாத, 200 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட காலத்தவை. கிழக்கே ஆத்தூர், பெரம்பலூர் தாண்டி அரியலூர் போனால் கதை மாறுகிறது. டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியக் காலத்தில் கடல் வந்து போன படிவுகள் அங்கே இருக்கின்றன. சேலம் பெரியார் பல்கலைக்கழகப் புவியியல் ஆய்வாளர்கள் 2009இல் செந்துறை அருகே டைனோசர் முட்டைத் தொகுதிகளைக் கண்டதாக அறிவித்தது நாடெங்கும் செய்தியானது. 2020இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னம் பகுதியில் கிடைத்த உருண்டைகளும் டைனோசர் முட்டை என்றே பரவின; அவை அம்மோனைட் என்ற கடலுயிரி சார்ந்த படிவ உருண்டைகள் என்று புவியியலாளர்கள் விளக்கினார்கள். சான்றைக் கேட்காமல் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு அது நம் ஊர்ப் பாடம்.

அரியலூரின் கல்லமேட்டில் கிடைத்த ப்ருஹத்காயோசாரஸை, யாதகிரி, அய்யாசாமி ஆகிய இரு ஆய்வாளர்கள் 1980களின் இறுதியில் விவரித்தார்கள். கீழ்க்கால் எலும்பு மட்டுமே 2 மீட்டர். முதலில் ஊனுண்ணி என்று கருதப்பட்டு, பிறகு நீண்ட கழுத்துத் தாவர உண்ணி என்று திருத்தப்பட்டது. எடை 100 டன்னைத் தாண்டும் என்று 2023இல் ஒரு மதிப்பீடு வந்தது. ஆனால் அந்த எலும்புகள் நொறுங்கிப்போய்விட்டன. எஞ்சியவை வரைபடங்களும் சில புகைப்படங்களும்தான். இந்த விலங்குக்கு யார் உருவம் செய்தாலும் அதில் பெரும்பங்கு உறவினங்களிடமிருந்து வாங்கிய கடன்.

ராஜாசாரஸ் நர்மதென்சிஸ் ஓரளவு பரவாயில்லை. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையினர் 1980களின் தொடக்கத்தில் குஜராத்தின் ரஹியோலியில் சேகரித்த எலும்புகளை வைத்து 2003இல் அது பெயரிடப்பட்டது. மூளைப்பெட்டி, முதுகெலும்பு, இடுப்பு, கால், வால் பகுதிகள் உண்டு. நெற்றியில் குட்டைக் கொம்பு இருந்தது தெரியும். முகத்தின் முன்பகுதியும் கையும் கிடைக்கவில்லை. வெளிநாட்டு நிறுவனங்கள் செய்யும் ராஜாசாரஸ் பொம்மைகளின் மூக்கும் கையும் மடகாஸ்கரின் மஜுங்காசாரஸ், அர்ஜென்டினாவின் கார்னோடாரஸ் ஆகியவற்றைப் பார்த்துச் செய்தவை. நீளம் சுமார் 6.6 மீட்டர் என்பது ஒரு மதிப்பீடு. நாற்பதில் ஒரு பங்கு அளவில் 16.5 சென்டிமீட்டர் வரவேண்டும். ஸ்கேல் வைத்துப் பார்க்கச் சேகரிப்பாளர்கள் தயங்குவதில்லை.

கல்லமேட்டிலிருந்து வந்த இன்னொன்று அளவில் மிகச் சிறியது, பொருளில் பெரியது. 2013இல் அங்கிருந்து ஒரே ஒரு பல்லை ட்ரூடான்டிட் என்ற கூட்டத்தைச் சேர்ந்ததாக அடையாளம் கண்டார்கள். பறவைகளுக்கு மிக நெருங்கிய, இறகுள்ள டைனோசர் கூட்டம் அது. அதுவரை வடக்குக் கண்டங்களில் மட்டும் அறியப்பட்டிருந்தது.

வாங்குமுன் கேட்க வேண்டியது

அழகாக இருக்கிறதா என்று கேட்பது இயல்பு. அதோடு, எந்த ஆண்டுச் சான்றை வைத்துச் செய்தது, எந்தெந்தப் பகுதிக்கு எலும்பு இருக்கிறது, எது உறவினத்திடமிருந்து எடுத்தது என்றும் கேட்க வேண்டும். வண்ணத்துக்கும் இது பொருந்தும். சைனோசாராப்டெரிக்ஸின் வாலில் செம்பழுப்புப் பட்டைகள் இருந்தன என்பதை நிறமித் துகள்களைக் கொண்டு 2010இல் கண்டறிந்தார்கள். ராஜாசாரஸின் நிறத்துக்கு அப்படி எதுவும் இல்லை. அட்டைப்பெட்டியில் இந்தத் தகவலை அச்சிடும் நிறுவனமே துல்லியம் என்ற சொல்லுக்குத் தகுதியானது.

அரியலூர் வாரணவாசியில் அரசின் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. கல்லமேட்டுப் பல்லை அடிப்படையாகக் கொண்ட சின்ன உருவம் ஒன்றைச் செய்து, ‘பல் மட்டும் கிடைத்தது, மற்றவை உறவினங்களைப் பார்த்துச் செய்தவை’ என்ற சீட்டோடு அங்கே விற்க முடியும். சேலத்துப் பல்கலைக்கழகப் புவியியலாளர்களும் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் உடற்கூறு ஆசிரியர்களும் சேர்ந்து பார்த்துக் கொடுத்தால், உலகச் சேகரிப்பாளர்கள் குறை சொல்ல இடமிருக்காது. நம் பிள்ளைகள் கையில் வரும் டைனோசர், அறிந்தது எது, அறியாதது எது என்று பிரித்துச் சொல்லும் டைனோசராக இருக்க வேண்டும்.