ஒப்பந்த உத்தியோகம்: இருப்பதா, விடுவதா?

நம் நாட்டில் கல்வி கற்ற வாலிபர்களில் பெருந்தொகையினர் இன்று நிரந்தர உத்தியோகஸ்தர்களும் அல்லர், வேலையற்றோரும் அல்லர். பதினொரு மாதம், ஓராண்டு, ஈராண்டு என்று தவணை குறித்த உத்தரவு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, அது தீரும் சமயத்தில் அடுத்த உத்தரவு வருமா என்று எதிர்பார்த்திருப்பவர்கள் அவர்கள். கல்லூரியில் தொகுப்பூதியத்துக்குப் பாடஞ் சொல்லும் கௌரவ விரிவுரையாளரும், ஸர்க்கார் ஆபீசில் ஒப்பந்தக்காரர் மூலம் அமர்த்தப்பட்ட கணினி இயக்குநரும், நிரந்தரத் தொழிலாளிக்குப் பக்கத்திலேயே நின்று அதே இயந்திரத்தை ஓட்டும் ஆலைத் தொழிலாளியும் இவ்வகுப்பைச் சேர்ந்தவர்களே. “வேலையில் மனம் ஒட்டவில்லை, விடவும் துணிவில்லை, என் செய்வது?” என்று இவர்கள் கேட்கும் கேள்வி அற்பமானதன்று. வாழ்நாளின் சிறந்த பத்து ஆண்டுகள் இதில் பணயமாக இருக்கின்றன.

இக்கேள்வியைக் கேட்கும் சுதந்திரமே நமக்கு எளிதிற் கிட்டியதன்று. 1859-ஆம் ஆண்டின் 13-ஆவது சட்டம், முன்பணம் பெற்ற தொழிலாளி வேலையை விட்டு நீங்கினால் அவரை மாஜிஸ்திரேட்டின் முன் நிறுத்திச் சிறைக்கு அனுப்பவும் இடமளித்தது. ஐந்தாண்டு ஒப்பந்தத்தின்பேரில் நேட்டாலுக்குக் கொண்டுபோகப்பட்ட நம்மவர் கதியும் இதுவே. அங்கே சாதாரண வேலையாள் சொல்லாமல் நீங்கினால் சிவில் வழக்கு. ஒப்பந்தத் தொழிலாளி நீங்கினால் கிரிமினல் குற்றம். 1894-இல் எஜமானனிடம் அடிபட்டுப் பல்லுடைந்து காந்தியடிகளிடம் வந்து நின்ற பாலசுந்தரம் என்னும் தமிழருக்கும் முழு விடுதலை கிட்டவில்லை. வேறோர் எஜமானனுக்கு ஒப்பந்தம் மாற்றப்பட்டதே அவர் பெற்ற நிவாரணம். ஒப்பந்தத் தொழிலாளிகளைக் கடல் கடத்தும் முறை 1917-இல் நிறுத்தப்பட்டது. 1859-ஆம் ஆண்டுச் சட்டத்தை ரத்துச் செய்யும் சட்டம் 1925-இல்தான் வந்தது.

இன்று நிலைமை வேறு. சொந்த உழைப்பைத் தருவதாகச் செய்த ஒப்பந்தத்தைக் காட்டி, வேலைக்குத் திரும்பியே தீரவேண்டும் என்று ஓர் ஊழியரைக் கோர்ட்டு கட்டளையிடுவதில்லை. முன்னறிவிப்பின்றி நீங்கினாலோ, எழுதிக்கொடுத்த பிணைமுறியை மீறினாலோ நஷ்ட ஈடு கேட்கப்படலாம். அதுவும், 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆவது பிரிவின்படி, முறியிற் கண்ட தொகைக்கு மேற்படாத நியாயமான ஈடாகவே இருத்தல் வேண்டும். தொகை மிதமானதாயின் அதைக் கட்ட நேரிடும் என்பதையும் மறைப்பதற்கில்லை. ஆயினும் கடனுக்கு அஞ்சுவது வேறு, சிறைக்கு அஞ்சுவது வேறு.

அங்ஙனமாயின், மனம் வெறுத்த வேலையில் இத்தனை பேரைக் கட்டி வைத்திருப்பது எது? ‘பணி நிரந்தரம்’ என்னும் நம்பிக்கையே என்பது நமது துணிபு. அந்த நம்பிக்கை உத்தரவில் எழுதப்பட்டதன்று. மேலதிகாரியின் ஒரு புன்னகையிலிருந்தும், தேர்தல் காலத்து வாக்குறுதியிலிருந்தும், பக்கத்து இலாகாவில் யாருக்கோ கிடைத்ததாகக் கேட்ட செய்தியிலிருந்தும் அது பிறக்கிறது. சட்டம் கூறுவது என்ன? 2006-இல் உமாதேவி வழக்கில் சுப்ரீம் கோர்ட்டின் ஐவர் பெஞ்சு, தற்காலிகமாக அமர்த்தப்பட்டவர் நெடுங்காலம் இருந்தமை ஒன்றையே காட்டி நிரந்தரத்தை உரிமையாகக் கோர இயலாது என்று தீர்ப்பளித்தது. 2016-இல் ஜக்ஜித் சிங் வழக்கில், ஒரே வேலை செய்யும் தற்காலிக ஊழியருக்கும் சம ஊதியக் கொள்கை பொருந்தும் என்று கூறிற்று. 2024 டிசம்பரில் ஜக்கோ வழக்கில், பல்லாண்டு உழைத்தோரைத் தள்ளிவிடுவதற்கு உமாதேவி தீர்ப்பைக் கேடயமாக்கலாகாது என்று எச்சரித்தது. ஆகவே கதவு முற்றும் அடைபட்டுவிடவில்லை. ஆனால் அது தானாகத் திறக்கும் கதவுமன்று. திறந்துகொண்டவர்கள் ஒன்றுகூடிப் போராடியும், ஆதாரங்களைச் சேர்த்து வழக்காடியுமே திறந்தார்கள். வாளாவிருந்து காத்தலைப் போராட்டமென்று எண்ணுதல் மயக்கமாகும்.

இதனால் எல்லோரும் நாளையே ராஜிநாமா எழுதிவிடுக என்று நாம் உபதேசிப்பதாக எவரும் கொள்ள வேண்டா. வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். தங்கையின் படிப்பு நடக்க வேண்டும். வாங்கிய கடனுக்கு வட்டி நிற்பதில்லை. இப்பாரத்தைச் சுமப்பவரை நோக்கி, மனச்சாந்திக்காக வேலையை உதறுக என்று சொல்வது வயிறு நிறைந்தவர் பேச்சு. காலமறிந்து நீங்குவதற்கு லாபமும் உண்டு. 2025 நவம்பர் 21 அன்று அமலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, குறித்த காலத்துக்கு நேரே நியமனம் பெற்றவருக்கு ஓராண்டுச் சேவையிலேயே பணிக்கொடை உரிமை அளிக்கிறது. முன்பு ஐந்தாண்டு வேண்டியிருந்தது. தவணை தீர ஒரு மாதம் இருக்கையில் கோபத்தால் எழுந்து செல்பவர் தம் பணத்தையே இழப்பவராவார்.

ஆனால் இருப்பதானால் தீர்மானித்து இருத்தல் வேண்டும். உங்கள் உத்தரவை எடுத்து வைத்துக்கொண்டு, மனத்திலுள்ள ‘நிரந்தரம்’ என்னும் சொல்லை அழித்துவிட்டு, எஞ்சியதைப் படியுங்கள். அந்த ஊதியம், அந்த வேலை, அது கற்றுத்தரும் தொழில், இவையே முழுப் பயனென்றால் இன்னோராண்டுக்குக் கையெழுத்திடுவீர்களா? ஆம் என்றால் மனக்குறையின்றி இருங்கள். ஊதியத்துக்காக மட்டுமே என்றால் அதற்கொரு முடிவுத் தேதி குறியுங்கள். அதற்குள் சில மாதச் செலவுக்குப் பணமும், வேறோர் இடத்துக்கு வேண்டிய தகுதியும் தேடுங்கள். உரிமைக்காகப் போராடவே இருக்கிறேன் என்பீராயின், சங்கத்தில் சேருங்கள். நியமன உத்தரவு, சம்பளச் சீட்டு, வருகைப் பதிவு ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள். இம்மூன்றும் இல்லையெனில், தங்கியிருப்பதற்குக் காரணம் பழக்கமும் அச்சமுமே என்று அறிக.

ஒப்பந்தம் என்பது இருவர் செய்வது. தவணை தீரும் நாளில், இவரை மீண்டும் வைத்துக்கொள்வதா என்று முதலாளி யோசிக்கிறார். இவரிடம் மீண்டும் இருப்பதா என்று யோசிக்கும் உரிமை ஊழியருக்கும் அதே அளவு உண்டு. ஒரு காலத்தில் சிறை அஞ்சி இழந்திருந்த அவ்வுரிமையை, இன்று கேட்பாரின்றி நாமே கைவிடலாகாது. அடுத்த உத்தரவு மேசைக்கு வரும் முன்னரே நம் வாலிபர்கள் தங்கள் தீர்மானத்தை எழுதி வைத்திருப்பார்களாக.