அடித்தால் கையெழுத்து வருமா?

'கோழி கிளறின மாதிரி இருக்கு!' கையெழுத்து சுமாரான பையனுக்கு நம் ஊர் வாத்தியார்கள் வழக்கமாகக் கொடுக்கும் சர்ட்டிபிகேட் இதுதான். கூடவே விரல் முட்டியில் ஸ்கேலால் ஒன்று. அடித்தால் கையெழுத்து வருமா? வராது சார். ஏன் வராது என்று தெரிந்துகொள்ள, ஒரு ஞாயிற்றுக்கிழமை 'ஆக்குபேஷனல் தெரபி' பயிற்சி வகுப்பில் போய் உட்கார்ந்தேன்.

பெயரைக் கேட்டு 'வேலை வாங்கித் தருவாங்களா?' என்று கிளம்பிவிடாதீர்கள். குழந்தைக்கு வேலை என்ன? சாப்பிடுவது, விளையாடுவது, பட்டன் போடுவது, எழுதுவது. இதில் தடுமாறும் குழந்தையைப் பழக்கிவிடும் சிகிச்சை இது. இந்தியாவில் இதற்கான முதல் பள்ளி 1950-ல் பம்பாய் கே.இ.எம். ஆஸ்பத்திரியில் தொடங்கியது. தொடங்கியவர் கமலா நிம்ப்கர், பிறப்பால் அமெரிக்கர். நம் பக்கம் வேலூர் சி.எம்.சி.யில் பட்டப்படிப்பே உண்டு.

வகுப்பில் டீச்சர்களும் இளம் அப்பா அம்மாக்களும். பயிற்சியாளர் எல்லோர் கையிலும் கனமான கம்பளி உறையை மாட்டினார். "உங்க அட்ரஸை அஞ்சு தரம் எழுதுங்க. சீக்கிரம்!" பக்கத்து சீட் பாங்க் ஆபீசர் பென்சில் முனையை உடைத்தார். "சோம்பேறி! ஒழுங்கா எழுது!" என்று ஒரு அதட்டல்.

"மேடம், நிஜமாவே கை வலிக்குது!"

"குழந்தையும் அதைத்தான் சார் சொல்லுது."

ஹால் கப்சிப்.

காலில் தொடங்குகிறது

எழுத்து விரலில் பிறப்பதில்லை. தோளும் மணிக்கட்டும் உறுதியாக இருந்தால்தான் விரல் ஓடும். கால் அந்தரத்தில் தொங்கினால் உடம்பு ஆடும். பாதத்துக்கு அடியில் ஒரு பலகை போடுங்கள். குழந்தைகள் பொதுவாக 3 வயதில் வட்டமும், 4-ல் கூட்டல் குறியும், 5-ல் முக்கோணமும் பார்த்து வரைவார்கள். அதற்கு முன்னால் 'ஞ'வும் 'ழ'வும் கேட்டால் பாவம், என்ன செய்யும்? துண்டு பென்சில் நல்லது. முஷ்டியால் பிடிக்க இடமில்லாததால் விரல்கள் தானே வேலைக்கு வரும். மூன்று விரல் பிடிதான் வேண்டும் என்பதில்லை. நான்கு விரலாலும் நன்றாக எழுதலாம்.

மணலில் விரலால் எழுதுவதும் அருமையான பயிற்சி. நம் திண்ணைப் பள்ளி சமாச்சாரம்தான்! எழும்பூரில் அனாதைப் பிள்ளைகள் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் இதைப் பார்த்து அசந்து தன் பள்ளியில் புகுத்தினார். 1797-ல் லண்டனில் புத்தகமே போட்டார்.

வாயைத் திற!

அடுத்து சாப்பாடு. கண்ணை மூடச் சொல்லி, எதிர் சீட்காரரை விட்டு எனக்குத் தயிர்சாதம் ஊட்டச் சொன்னார்கள். விழுங்குவதற்குள் அடுத்த ஸ்பூன், அதற்குள் அடுத்தது. மூன்றாவது வாய்க்கு என் தலை தானாகத் திரும்பிக்கொண்டது. குழந்தை செய்தால் அதற்குப் பெயர் அடம்!

என்ன, எப்போது, எங்கே என்பது பெற்றோர் பொறுப்பு. எவ்வளவு என்பது குழந்தையின் பொறுப்பு. புதுக் காயைப் பத்துப் பதினைந்து தரம்கூடத் தட்டில் வைக்க வேண்டியிருக்கும், திணிக்கக் கூடாது. பிசுபிசுப்பு பிடிக்காத குழந்தைக்கு முதலில் பொரி, பிறகு இட்லி, கடைசியில்தான் குழைந்த சாதம். சாப்பிடும்போது அடிக்கடி புரையேறினாலோ, எடை குறைந்தாலோ உடனே டாக்டரிடம் ஓடுங்கள்.

ஒரு டீச்சர் தன் மூன்றாம் வகுப்புப் பையனைப் பற்றிச் சொன்னார். வாயால் கேட்டால் எல்லாக் கேள்விக்கும் பதில். பேப்பரில் வெள்ளை. "நான் மக்கு மிஸ்" என்கிறானாம், எட்டு வயதில்! இப்படிப்பட்டவர்களைப் பரிசோதித்துப் பார்க்க வேண்டும். கற்றல் குறைபாடு என்று உறுதியானால், 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் அவர்களுக்கும் இடம் உண்டு. பரீட்சையில் கூடுதல் நேரம் கேட்கலாம். 'மக்கு' என்ற பட்டத்துக்கு எந்தச் சட்டத்திலும் இடமில்லை.

ஆபீஸ் முடிந்து களைத்து வரும் அப்பாக்களே, சித்தப்பா, மாமாக்களே! பத்து நிமிஷம் போதும். சப்பாத்தி மாவைப் பிசையவிடுங்கள், பட்டாணி உரிக்கவிடுங்கள், துணி கிளிப்பை மாட்டவிடுங்கள். விரலுக்கு வலு வரும். நீங்களும் கூடவே உட்கார்ந்து உரித்தால் வீட்டில் உங்கள் மார்க்கும் ஏறும்!