பாரிமுனை ‘அத்தோ’ எந்த ஊர் சாப்பாடு?

சென்னை கடற்கரை ஸ்டேஷனில் இறங்கி ராஜாஜி சாலைக்கு வந்தால் பர்மா பஜார். ஹெட்போன், வாட்ச், பெர்ஃப்யூம் என்று கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். சொல்கிற விலையில் பாதியிலிருந்து பேரம் பேசுங்க, வாரன்ட்டியெல்லாம் எதிர்பார்க்காதீங்க. ஆனால், சாயங்காலம் அந்தப் பக்கம் போக உண்மையான காரணம் பின்னால் செகண்ட் லைன் பீச்சில் இருக்கு. அத்தோ கடைகள்!

நூடுல்ஸ் என்றாலே சைனீஸ் என்று நினைப்பவர்கள் உண்டு. இது பர்மா சாப்பாடு. பர்மிய மொழியில் ‘அதோக்’ என்றால் பிசைந்த கலவை, சாலட் மாதிரி. வேகவைத்த நூடுல்ஸோடு முட்டைகோஸ், வெங்காயம், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், பொரித்த பூண்டு, எண்ணெய் சேர்த்துக் கையாலேயே பிசைவார்கள். வாணலியில் வதக்குகிற வேலையே கிடையாது. மேலே மொறுமொறு ‘பேஜோ’வை நொறுக்கிப் போடுவார்கள். தொட்டுக்கொள்ள அல்ல, குடிக்க: சுடச்சுட வாழைத்தண்டு சூப்.

இது எப்படி இங்கே வந்தது? 1962-ல் பர்மாவில் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார். அடுத்தடுத்து கடைகள் அரசுடைமை ஆகின. 1964-ல் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். தலைமுறைகளாக அங்கே தொழில் செய்த தமிழர்கள், சேர்த்ததை விட்டுவிட்டுக் கப்பலேறினார்கள். அவர்கள் பிழைக்க 1969-ல் உருவானதுதான் பர்மா பஜார். அவர்களோடு வந்ததுதான் இந்தக் கைப்பக்குவமும்.

முதல் தடவை சாப்பிடுறீங்களா? காரம் எவ்வளவுன்னு முன்னாடியே சொல்லிடுங்க. பிசைந்த பிறகு குறைக்க முடியாது.